லோடு போட்டுப் பார்த்தது

என் வீட்டுக்காரருக்கு மோட்டார் பாஷையைத் தவிர வேறு பாஷை தெரியாது. எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் புதிதாகக் காயில் கட்டிக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறார். அவர் அப்பா வைத்துவிட்டுப் போன கடை. முன்பக்கம் கடை, பின்பக்கம் நாங்கள். வார்னிஷ் வாசனை எங்கள் தலையணை வரைக்கும் வரும். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் "பாடி சூடாகுது" என்பார். தோள் வலிக்கிறது என்று நான் முதன்முதலில் சொன்ன அன்று, "பேரிங் தேஞ்சிருக்கும்" என்றார். சொல்லிவிட்டு, டீயைக் குடித்து முடித்து, கடைக்குப் போய்விட்டார்.

பேரிங் சும்மா தேயவில்லை. தேய்த்தவள் அவருடைய அக்கா.

நாத்தனார் கல்யாணமே வேண்டாம் என்று தம்பியோடும் கடையோடும் இருந்துவிட்டவள். நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என் சமையலில் உப்பும் என் பேச்சில் மரியாதையும் அவளுக்குக் குறைவாகவே பட்டு வந்திருக்கிறது. போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டாள். ஆபரேஷன் ஆனது, எலும்பு கூடியது, நடைதான் திரும்பி வரவில்லை. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலி, நாற்காலியிலிருந்து குளியலறை, திரும்பவும் கட்டில். அத்தனைக்கும் வண்டி நான்தான். அவள் இரண்டு கையாலும் என் கழுத்தைக் கட்டிக்கொள்வாள், நான் அவள் அக்குளுக்கடியில் கைகொடுத்துத் தூக்குவேன். என்னைவிட ஒன்றரை மடங்கு எடை. தூக்கும்போதும் வாய் சும்மா இருக்காது. "மெதுவா. மூட்டையா நானு?" என்பாள்.

ஒரு நாள் தூக்கிக்கொண்டிருக்கும்போதே என் வலது தோளில் ஏதோ ஒன்று பிடியை விட்டது. அவளைக் கீழே போடவில்லை. எப்படியோ நாற்காலியில் இறக்கிவிட்டேன். அதற்கப்புறம் கை தலைவரை ஏறவில்லை. தலை வார முடியாது, சட்டையைப் பின்பக்கம் இழுத்துவிட முடியாது, வலப்பக்கம் திரும்பிப் படுத்தால் உயிர் போகும். வேறு வழியில்லாமல் ஹோம் நர்ஸ் ஒருத்தி வந்தாள். வாட்டசாட்டமான பெண். வீட்டுக்குள்ளேயும் வெள்ளைக் கான்வாஸ் ஷூவோடுதான் நடப்பாள். ரப்பர் கையுறை போடாமல் நோயாளியைத் தொட மாட்டாள், அது அவளை அனுப்பிய இடத்தின் விதியாம். காதில் எதையாவது மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டபடியே வேலையை முடிப்பாள். வந்த அன்றே நாத்தனார் அவளுக்கு ஷூக்காரி என்று பெயர் வைத்துவிட்டாள். எனக்கு அந்த ஷூக்காரியைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும், கைதான் மேலே வராது.

இப்படி இருக்கும்போது வீட்டுக்காரர் வெளியே ஒரு தண்ணீர்ப் பம்ப்பைப் பார்க்கப் போய்விட்டு முகமெல்லாம் வெளிச்சமாகத் திரும்பி வந்தார். மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்த பிசியோதெரபி கிளினிக்கின் பம்ப்.

"கரண்ட் வெச்சு மசாஜ் பண்றாங்க," என்றார். "ஷாக்கெல்லாம் அடிக்காது. ரொம்ப மெல்லிசாத்தான் போகும். மெஷினைத் தொறந்து காட்டுங்கன்னேன், காட்டல. ஆனா நல்ல மெஷின். உனக்கு நாளைக்கு டைம் கேட்டு வெச்சிட்டு வந்திருக்கேன்."

இந்த மனிதர் எனக்காக யாரிடமும் எதுவும் கேட்டு வைத்து நான் பார்த்ததில்லை. சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் இருந்தது. அன்று சாயங்காலம் கேட்காமலே அவருக்கு இன்னொரு டீ போட்டுக் கொடுத்தேன்.

கிளினிக் என்பது ஒரே அறை. பச்சைத் திரை, முகம் வைக்க ஓட்டை போட்ட உயரமான கட்டில், கிண்ணத்துத் தண்ணீரில் ஊறும் ஸ்பாஞ்சுகள். பிசியோ பெண்ணுக்கு, எனக்கு ஒரு மகள் இருந்திருந்தால் இருக்கும் வயது. மெஷின் என்று அவள் காட்டியது டிபன் டப்பா அளவுதான் இருந்தது. இரண்டு ஒயர், ஒரு திருகு. ஒரு ஒயரின் ஸ்பாஞ்சை நம் முதுகில் வைத்துக் கட்டுவாள். இன்னொன்றைத் தன் முழங்கைக்குக் கீழே கட்டிக்கொள்வாள். அவள் விரல் நம் தோளில் பட்டால்தான் கரண்ட் ஓடும். விரலை எடுத்தால் நின்றுவிடும்.

"அப்போ உங்க உடம்பு வழியாவா வருது?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"ஆமா சார். அவங்களுக்கு எவ்வளவோ, எனக்கும் அவ்வளவு."

முதலில் தானே பார்த்துவிடுவதாகச் சொல்லி அவர் உட்கார்ந்துகொண்டார். திருகு கொஞ்சம் நகர்ந்ததுமே "போதும் போதும்" என்று துள்ளி எழுந்தார். நாள் முழுக்கக் கரண்டோடு குடித்தனம் நடத்துகிற ஆள். "கூசுது," என்று சொல்லிச் சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டார்.

நான் குப்புறப் படுத்தேன். ஓட்டை வழியாகத் தரையும் பிசியோ பெண்ணின் ரப்பர்ச் செருப்பும் மட்டும் தெரிந்தன.

"கொஞ்சம் கொஞ்சமா ஏத்துவேன்மா. சுருசுருன்னு வந்ததும் சொல்லுங்க," என்றாள்.

சுருசுரு வந்தது. நான் சொல்லவில்லை. வைத்தியம் என்றால் தாங்கிக்கொள்ள வேண்டியது என்றுதான் எனக்குத் தெரியும். சொன்னால் நிறுத்திவிடுவாள், நிறுத்தினால் குணமாகாது என்று நினைத்தேன். அவள் ஏற்றினாள். தோள் துடித்தது. கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். இன்னும் ஏற்றினாள். கழுத்து நரம்பு இழுத்து, ஒரு பக்கத்துப் பல் வரிசை முழுக்கக் கூசியது. சட்டென்று அவள் கையை எடுத்துவிட்டாள்.

"அம்மா, எனக்கே மணிக்கட்டு சுள்ளுன்னு இழுக்குது. உங்களுக்கு எப்படி ஒண்ணுமில்லாம இருக்கும்?"

"நல்லாத்தான் இருக்கு," என்றேன்.

"என்ன நல்லாருக்கு? பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருக்கீங்க."

ஸ்டூலை இழுத்துப்போட்டுக் குனிந்து, ஓட்டை வழியாக என் முகத்தை எட்டிப் பார்த்தாள். "இது தாங்கிக்கிற விஷயம் இல்லம்மா. எறும்பு ஊர்ற மாதிரி இருந்தாப் போதும். அதுக்கு மேல போனா போதும்னு வாயைத் தொறந்து சொல்லணும். நீங்க சொன்னாத்தான் எனக்குத் தெரியும்."

திருகைக் குறைத்துவிட்டுத் திரும்பவும் கையை வைத்தாள். எறும்பு ஊர்ந்தது. வெதுவெதுப்பான கை, கொஞ்சம் ஈரம். தோளின் மேட்டிலிருந்து கழுத்துக்கும் கழுத்திலிருந்து கைமுட்டிக்கும் நிதானமாகத் தேய்த்துக்கொண்டே போனாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வலியினால் இல்லை. என் உடம்பில் ஏறுவது இன்னொருத்தர் உடம்பிலும் ஏறுகிறது, எனக்கு அதிகமானால் அவளுக்கும் அதிகமாகிறது என்பதை என்னால் தாங்க முடியவில்லை. ஓட்டை வழியாகக் கண்ணீர் அவளுடைய செருப்புக்குப் பக்கத்தில் விழுந்தது. அவள் கையை எடுக்காமல் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்தடுத்துப் போனேன். "போதும்" என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். முதலில் அவள்தான் நினைவுபடுத்த வேண்டியிருந்தது, அப்புறம் பழகிவிட்டது. கை காதுவரை ஏறியது, பிறகு நெற்றிவரை. ஒரு நாள் காலையில் விழித்துப் பார்த்தால் வலப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறேன். அன்று நானே தலை வாரிக்கொண்டேன். கண்ணாடி முன்னால் நின்று வாரி, கலைத்து, திரும்பவும் வாரினேன்.

பிசியோ பெண்ணிடம் சொன்னேன். சந்தோஷப்பட்டாள், ஆனால் கூடவே ஒரு குண்டையும் போட்டாள்.

"வீட்ல உங்க நாத்தனாரை இப்போ யார் தூக்குறாங்க?"

"அதுக்கு ஒரு பொண்ணு வருது."

"நல்லது. நீங்க தூக்கவே கூடாதும்மா. தோள்ல சதைநார் கொஞ்சம் கிழிஞ்சிருக்கு. இந்த மெஷின் வலியைத்தான் அடக்கும். கிழிஞ்சது தானா ஆறணும், அதுக்கு நாளாகும். வலி போயிடுச்சேன்னு இறங்கிட்டீங்கன்னா முழுசா போயிடும். அப்புறம் என்கிட்ட வந்தும் பிரயோஜனம் இருக்காது."

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கடைப்பக்கம் போய், "வலி நல்லா குறைஞ்சிருக்குங்க," என்றேன். நல்ல சேதியை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. அவர் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவ்வளவு அக்கறையோடு அவர் என்னைப் பார்த்து நாளாகிவிட்டது.

"அப்படியா? அப்போ லோடு போட்டுப் பாத்துட வேண்டியதுதான்."

அவர்கள் கடையில் ஒரு பழக்கம் உண்டு. மாமனார் காலத்திலிருந்து வருவது. காயில் கட்டி முடித்த மோட்டாரைச் சும்மா ஓட்டிக் காட்டி யாருக்கும் கொடுத்தனுப்ப மாட்டார்கள். வெறுமனே ஓட்டினால் எல்லா மோட்டாரும் பூனைக்குட்டி மாதிரி முனகும். பம்ப்பை மாட்டித் தண்ணீரை ஏற்றச் சொன்னால்தான் அதன் லட்சணம் தெரியும். மூலையில் அதற்கென்றே ஒரு பழைய பம்ப்பும் டிரம்மும் இருக்கின்றன.

"அந்த நர்ஸ் பொண்ணை அடுத்த வாரத்தோட நிறுத்திடலாம்," என்றார். "அக்காவுக்கும் அவளைக் கண்டா ஆகல. தினம் ஒரு புகார். அதுக்குத்தானே உன்னை அங்க அனுப்பினேன்."

அதுக்குத்தானே. அந்த மனிதர் ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல் சொன்னார். கையில் திருப்புளி வேறு. இவர் எனக்கு வைத்தியம் பார்க்கவில்லை, என்னைச் சர்வீசுக்கு விட்டிருக்கிறார். நான்தான் அதை அன்பு என்று நினைத்துக்கொண்டு டீ போட்டுக் கொடுத்திருக்கிறேன். எனக்கு என் மேலேயே காறித் துப்பலாம் போல இருந்தது.

பிசியோ பெண் சொன்னதைச் சொன்னேன். கிழிந்திருப்பது, ஆற வேண்டியது, தூக்கக் கூடாது என்றது, எல்லாவற்றையும்.

"அவங்க அப்படித்தான் சொல்வாங்க," என்றார். "சரியாயிடுச்சுன்னு சொன்னா நீ ஏன் அங்க போகப் போற?"

மறுநாள் எழுந்ததும், "வலி திரும்ப வந்துடுச்சுங்க," என்றேன். அதற்கு மேல் எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஷூக்காரி போனால் என் தோள் போகும். தோள் போனால் மிச்சமிருக்கும் நாளெல்லாம் ஒரு கையோடு இந்த வீட்டில் கிடக்க வேண்டும், அப்போதும் வேலை மட்டும் இரண்டு கைக்கும் இருக்கும்.

நடிப்பு சுலபம் இல்லை. கரண்டியை இடது கையில் பிடித்தேன். துணியை ஒரு கையால் உதறினேன். கிளினிக்கிலிருந்து கை லேசாகி வரும்போது தெருமுனையிலேயே அதைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைவேன். அவர் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டுவார். "மெஷின்ல தப்பில்ல. நானே உக்காந்து பாத்தேனே," என்பார். ஆனாலும் ஷூக்காரி வந்துகொண்டிருந்தாள். அந்தச் சில வாரங்கள் நான் திருட்டுத்தனமாக நன்றாக இருந்தேன்.

ஏமாற்ற முடியாதது நாத்தனாரை. கட்டிலில் படுத்துக்கொண்டே இருப்பவளுக்குப் பார்ப்பதைத் தவிர வேறு என்ன வேலை? சின்ன வயதிலிருந்து அப்பாவோடு கடையில் உட்கார்ந்து வளர்ந்தவள். எந்த மோட்டார் எங்கே உரசுகிறது என்று அடுத்த அறையிலிருந்தே சத்தத்தை வைத்துச் சொல்வாளாம். ஒரு நாள் கஞ்சிக் கிண்ணத்தை வாங்கும்போது என் தலையையே பார்த்தாள்.

"வகிடு நேரா எடுத்திருக்கியே," என்றாள்.

"அந்த நர்ஸ் பொண்ணுதான் வாரிவிட்டா அண்ணி," என்றேன்.

"அப்படியா," என்று சொல்லிக் கஞ்சியைக் குடித்தாள். மறுநாளிலிருந்து கோணல் வகிடாக எடுத்தேன்.

அது ஒரு விடுமுறை நாள். ஷூக்காரி அடுப்படியில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாள். நாத்தனாரைக் கட்டிலின் விளிம்பில், கால் தரையில் படும்படி உட்கார வைத்திருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து இடது கையால் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் டீ டம்ளரோடு வாசற்படியில் நின்று அக்காவிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். பேச்சின் நடுவிலேயே நாத்தனார் பக்கவாட்டில் சாய ஆரம்பித்தாள். கத்தவில்லை. கையை ஊன்றவும் இல்லை. அப்படியே சரிந்து, கட்டிலைத் தாண்டி, தலை நேராகத் தரைக்குப் போனது.

யோசிக்க எனக்கு நேரம் இருக்கவில்லை. எழுந்ததும் தெரியாது, பாய்ந்ததும் தெரியாது. இரண்டு கையும் அவள் அக்குளுக்கடியில் போய்விட்டன. முழு எடையும் என் மேல் விழுந்தது. தூக்கி நிமிர்த்திக் கட்டிலில் உட்கார வைத்தேன். வைக்கும்போது தோளுக்குள் பழைய துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். அது வெளியே கேட்டிருக்காது. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"பாத்தியா," என்றார் வீட்டுக்காரர். டம்ளரிலிருந்து ஒரு சொட்டு சிந்தவில்லை. "முழு லோடையும் எடுத்துட்டியே. ஒரு கொறையும் இல்ல. நீயாத்தான் பயந்துக்கிட்டு இருந்திருக்க."

"வலிக்குதுங்க," என்றேன். "இப்போ கிழிஞ்சிடுச்சுங்க. நெசமா."

சிரித்தார். "இத்தனை நாளும் இதைத்தானே சொல்லிக்கிட்டிருந்தே?"

என் பொய்யை வைத்தே அவர் என் வாயை அடைத்துவிட்டார், அது அவருக்கே தெரியாது. அன்று சாயங்காலமே அவர் கணக்குத் தீர்த்துக் கொடுக்க, ஷூக்காரி ஷூ லேசைக் கட்டிக்கொண்டு கிளம்பிப் போனாள். கிளினிக்குக்குப் போன் போட்டு நான் இனிமேல் வரமாட்டேன் என்று அவரே சொன்னார். ஓடுகிற மோட்டாரைத் திரும்பத் திரும்பப் பிரிக்கக் கூடாது என்பது அவர் கட்சி. போனைக் கொடுங்கள், அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை பேசுகிறேன் என்று கேட்டேன். அதற்குள் வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் நாத்தனாரைக் குளியலறைக்குக் கொண்டுபோக வேண்டும். சக்கர நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி நிறுத்தினேன். குனிவதற்கு முன்னால் அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நேத்து நான் விழுந்தேன்னா நெனச்சுக்கிட்டிருக்க?"

நான் இன்னொரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"நானாத்தான் சாஞ்சேன். வெறும் ஓட்டம் ஓடுற மோட்டாரைப் பாத்து எவனும் ஒண்ணும் சொல்ல முடியாது. அப்பா கடையில வளந்தவ நான்."

"ஏன் அண்ணி?" என்றேன். "தலை தரையில மோதியிருந்தா?"

"நீ விட்டிருந்தா உன் கை நெசமாவே போச்சுன்னு நம்பியிருப்பேன். நீதான் விடலையே."

இதைச் சொல்லிவிட்டு என் மணிக்கட்டை விடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வேறு குரலில் சொன்னாள்.

"அவ கையில ஒறை போட்டுக்கிட்டுத்தான் என்னைத் தொடுவா. குளிப்பாட்டறப்பவும் ஒறை, துணி மாத்தறப்பவும் ஒறை. மனுஷ கை மேல பட்டு எத்தனை மாசம் ஆச்சு தெரியுமா உனக்கு? உனக்கென்ன, கரண்ட் வெச்சுத் தேச்சுவிட ஆளிருந்துச்சு."

அவள் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லாமல் இருந்திருந்தால் அவளை வாய் நிறையத் திட்டியிருப்பேன், மனதுக்குள் சபித்துவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். அந்த ஓட்டைக் கட்டிலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதவள் நான். அவள் எதைச் சொல்கிறாள் என்று இந்த வீட்டில் என் ஒருத்திக்குத்தான் தெரியும். அதனால் மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மன்னிக்கவில்லை. என் தோளைக் கொடுத்துத் தனக்கு ஒரு கை வாங்கிக்கொண்டாள். கேட்டிருந்தால் கையை மட்டும் கொடுத்திருப்பேன். தினமும் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தேய்த்துவிட்டிருப்பேன். அவளுக்குக் கேட்கத் தெரியவில்லை, எனக்குச் சொல்லத் தெரியாத மாதிரியே.

"நேரமாகுது, தூக்கு," என்றாள்.

குனிந்தேன். அவள் இரண்டு கையும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டன. விரல்கள் சரியாக அந்த இடத்தில், பிசியோ பெண் கை வைக்கும் அதே மேட்டில் பதிந்தன. தூக்கினேன். தோளிலிருந்து கைமுட்டி வழியாகச் சுண்டுவிரல் நுனிவரை வலி பிய்த்துக்கொண்டு ஓடியது.

"போதும் அண்ணி. போதும். என்னால முடியல," என்றேன். வாயைத் திறந்து, சத்தமாக, கற்றுக்கொண்ட மாதிரியே சொன்னேன்.

"எல்லாம் முடியும். நேத்து முடிஞ்சுதே," என்றாள்.

அவள் முகம் என் முகத்துக்கு அவ்வளவு கிட்டத்தில் இருந்தது. பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு நிம்மதியாக இருந்தாள். அவள் விரல் என் வலியின் மேலேயே இருந்தது, அவளுக்கு ஒன்றும் ஏறவில்லை.